இணைச்சீரும் ஹெட்செட்டும்

காளிதாஸ் அந்தப் பெட்டியைக் குமரகுருவின் செல்போன் கடை மேசைமேல் வைத்தான். திருச்செங்கோட்டில் ஸ்டுடியோ நடத்துபவன் அவன். குமரகுருவின் கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் போகிறவனும் அவன்தான்.

"கல்யாணம் முடியற வரைக்கும் வெச்சுப் பாரு மாப்ள. புடிச்சா எடுத்துக்க, இல்லீனா திருப்பிக் குடு. இந்தக் காசுக்கு ஓடற கார் ஒண்ணு வாங்கீறலாம், அதையும் யோசிச்சுக்க."

"விக்க வந்தவன் பேசற பேச்சாடா இது?"

"கல்யாண மாப்பிள்ளைகிட்டப் பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்."

பெட்டிக்குள் இருந்தது, கண்களை மூடித் தலையில் மாட்டினால் வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் விலை உயர்ந்த வி.ஆர். ஹெட்செட். குமரகுரு அதைத் தனக்காகக் கேட்கவில்லை. அவனுடைய அக்கா மோகனப்பிரியா ஜேடர்பாளையத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி. முன்பு இரண்டு முறை கரு கலைந்திருந்ததால், கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிபாளையத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு அவள் வர முடியாது.

இணைச்சீர் இல்லாமல் அவர்கள் வீட்டில் கல்யாணம் இல்லை. சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கையில், மறுமுனை உடன்பிறந்தவள் கையில். அவள் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து உட்கார வைப்பார்கள். அன்று மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை அவளுக்குத்தான். இப்போது அந்தச் சீரைச் சித்தப்பா மகள் சரிதா செய்வதாக முடிவாகியிருந்தது. போனில் கேட்டபோது மோகனா, "செய்யட்டும், அவளும் நம்ம பொண்ணுதான" என்றாள். போனை வைத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்பதை அவள் கணவர் சிவபிரகாஷ் பின்னர் சொன்னார்.

பெட்டி வந்த அன்று மாலையே குமரகுரு வீட்டில் ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தான். கடையில் கிடந்த மலிவான ஒன்றில் எல்லாம் கொசுவலைக்குப் பின்னால் தெரிவதுபோல் இருக்கும். இதில் தென்னங்கீற்றின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக அசைந்தது. தலையைத் திருப்பினால் இடமும் திரும்பியது. ஆனால் கன்ன எலும்பில் கனம் அழுத்தியது, நெற்றி வியர்த்தது, பேட்டரி ஒரு வயருடன் இடுப்பில் தொங்கியது. கழற்றியபோது எதிரே அம்மா மோர் டம்ளரோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாளோ தெரியவில்லை.

டாக்டர், சாய்ந்து உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் மட்டும் போடலாம், தலை சுற்றினால் உடனே கழற்றிவிட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை குமரகுரு ஜேடர்பாளையம் போனான். அக்கா பிறந்த வீட்டு வாசலை, அவள் அதில் பார்ப்பதற்காக, காளிதாஸ் முன்கூட்டியே படம் பிடித்துக் கொடுத்திருந்தான்.

மோகனாவின் மாமியார் சென்னியம்மாள் கையை நீட்டினாள். "முதல்ல எனக்குப் போடு சாமி. தலை சுத்துனா எனக்குச் சுத்தட்டும். அவளுக்கு வேண்டாம்."

போட்ட சிறிது நேரத்தில், "ச்சூ! ச்சூ!" என்று காற்றை விரட்டினாள். "ஏனுங்க தம்பி, உங்கூட்டு வடகத்த காக்கா கொத்துதுங்க, யாரும் பாக்கறதில்லையா?"

சிரித்துச் சிரித்து மோகனா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் மாட்டிக்கொண்டாள். வேப்பமரத்தைப் பார்த்தாள். கோலத்தைக் குனிந்து பார்த்தாள். அம்மா வாசலுக்கு வந்தபோது அவள் கை தானாக நீண்டது. அப்புறம் மெல்ல இறங்கியது.

கழற்றியபோது முகத்தில் சிரிப்பில்லை. "எல்லாருந் தெரியறாங்க தம்பி. ஆனா எல்லாரும் என்னத் தாண்டிப் பாக்கறாங்க. செத்துப்போனவ ஊட்டுக்குத் திரும்பி வந்தா இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது."

"வாயக் கழுவு!" என்றாள் சென்னியம்மாள். இருந்த இடத்திலிருந்தே செங்கோட்டு மலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

குமரகுரு ஹெட்செட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். அந்தக் குறையைத் தீர்க்க அதில் எந்தப் பட்டனும் இல்லை.

"வெச்சுட்டுப் போ" என்றாள் மோகனா. "பாக்காமயே இருக்கறதுக்கு இது தேவல."

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை, மண்டபத்தில் சரிதா சேலை முனையைப் பிடித்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில், அக்கா உட்கார வேண்டிய உயரத்தில், காளிதாஸ் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தான். அதில் இரண்டு லென்ஸ்கள் இரண்டு கண்களைப் போல் இருந்தன; அவை பார்ப்பது அப்போதே அக்காவின் ஹெட்செட்டில் தெரியும். ஜேடர்பாளையத்திலிருந்து சிவபிரகாஷ் போனில் இணைந்திருந்தார். படம் தெளிவாக வருகிறது என்றார்.

பெரியம்மா பெரியநாயகி சரிதாவுக்குச் சந்தனம் வைத்தாள். நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"மோகனா பாக்கறான்னீங்களே, எங்கிருந்து பாக்கறா?"

"இதோ, இந்த ரெண்டு கண்ணுலதானுங்க" என்றான் காளிதாஸ்.

அவன் வேறு எதையும் சொல்வதற்குள் பெரியம்மா அதன் முன்னால் வந்து நின்றாள். "வந்துட்டியா சாமி" என்றாள். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் சந்தனத்தைத் தடவினாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள். கண் சரியாகத் தெரியாத வயது. குங்குமம் சிதறி இடது லென்ஸை மூடியது.

"ஐயோ, அம்மா! கேமராவுங்க அது!" காளிதாஸ் துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். குமரகுரு, அக்காவுக்குக் கிடைத்த இந்த ஒரு வழியும் போயிற்றே என்று நினைத்தான்.

போன் ஸ்பீக்கரில் மோகனாவின் குரல் கேட்டது. "தொடைக்காதீங்க!"

எல்லோரும் நின்றார்கள்.

"தம்பி, காளிதாஸண்ணன்கிட்டச் சொல்லு, தொடைக்க வேண்டாம். பெரியம்மா என் மூஞ்சியப் பாத்துப் பேசுனாங்க. ஒரு கண்ணு செவந்துதாந் தெரியுது. இன்னொண்ணு நல்லாத்தான் இருக்குது, அது போதும்."

சரிதா தன் கையிலிருந்த சேலை முனையில் ஒரு பகுதியை எடுத்து ஸ்டாண்டின் மேல் போட்டுவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டாள். சீரை நடத்திய பூசாரி மேலே தொடர்ந்தார்.

"லென்ஸு போச்சு" என்று காளிதாஸ் முணுமுணுத்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான். "ஹெட்செட் வேணுமா, வேண்டாமா மாப்ள?"

"கொழந்தை பொறக்கற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

ஜேடர்பாளையத்தில், போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சென்னியம்மாள் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். அங்கே வைத்தது இங்கேயும் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் மருமகளின் நெற்றி முழுவதையும் அந்தக் கருவி மறைத்திருந்தது. கழற்றச் சொன்னால் சீர் பார்ப்பது விட்டுப்போகும். அதனால் தொந்தரவு இல்லாமல் பின்பக்கம் போய், தலைப்பட்டையை ஒரு விரலால் மெல்ல விலக்கி, வகிட்டில் குங்குமத்தை வைத்தாள்.

"யாரு?" என்றாள் மோகனா.

"நாந்தான் சாமி. நீ பாரு."