வளர்ந்துகொண்டிருந்த மேகம்

அவிநாசிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில் மேக ஆய்வுக் குழு ரேடாரை வைத்திருந்தது. அதன் திரைக்கு முன்னால் ஜோதிகா உட்கார்ந்திருந்தாள். எந்த மேகத்துக்குள் நுழையலாம், எதை விட்டு விலக வேண்டும் என்று ஆய்வு விமானத்துக்குச் சொல்வது அவள் வேலை. விமானத்தில் கருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவன் அவள் கணவன் ஆரோக்கியராஜ்.

தாராபுரம் பக்கம் ஒரு மேகம் திரண்டு எழுந்துகொண்டிருந்தது. வளரும் மேகத்துக்குள் காற்று என்ன வேகத்தில் ஏறுகிறது என்று அளக்கத்தான் வந்திருந்தார்கள். இரண்டு முறை உள்ளே போய் வந்தாயிற்று.

"இன்னொரு தடவை, கொஞ்சம் உயரத்துல போகலாமா?" ஆரோக்கியராஜ் வயர்லெஸ்ஸில் கேட்டான்.

திரையில் மேகம் சாதுவாகத்தான் தெரிந்தது. "போகலாம்" என்றாள்.

விமானம் நுழைந்த பிறகுதான் அடுத்த படம் வந்தது. நடுவில் ஒரே சிவப்பு, ஆபத்தைக் காட்டும் நிறம். அவள் பார்த்துச் சொன்னது சில நிமிடங்களுக்கு முந்தைய படத்தை. அதற்குள் மேகம் முற்றிவிட்டது.

"உடனே வெளிய வாங்க!"

இரைச்சல்தான் கேட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

கீழே தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை பார்க்கும் மயிலாள் டீ நேரத்தில் மாடிக்கு வந்திருந்தாள். "ஏனுங்க, அந்தப் பிளேனு மேகத்தெக் கலைச்சுப்போடுமுங்களா?" என்று கேட்டவள், ஜோதிகா வயர்லெஸ்ஸை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "உள்ள யாருங்க?"

"என் வீட்டுக்காரர்."

மயிலாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெல் அடித்தது. சூப்பர்வைசர் படியிலிருந்து சத்தம் போட்டார். "வாரனுங்க" என்றாளே தவிர, அவள் நகரவில்லை.

ஒருவழியாக விமானியின் குரல் வந்தது. வெளியே வந்துவிட்டார்கள்; கோவைக்குத் திரும்புகிறார்கள்; ஒருவருக்குக் காயம். யாருக்கு என்று சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

கோவைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஆரோக்கியராஜ் ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"மேல தூக்கின காத்து சட்டுனு கீழ அமுக்கிருச்சு. பெல்ட்டைத் தளர்த்தியிருந்தேன். என் தப்புதான்."

"போகலாம்னு சொன்னது நான்."

"எல்லாம் பதிவாயிருச்சு ஜோ. இப்படியொரு காத்து வேகம் நமக்குக் கிடைச்சதே இல்ல." அவன் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குப் பயம் கூடியது.

குழுத் தலைவர் தங்கராஜிடம் அன்றே சொல்லிவிட்டாள்: "இனிமே புதுப் படம் வர்ற வரைக்கும் விமானம் வெளியிலயே சுத்தட்டும் சார்."

"பாதி மேகம் தவறிப்போகுமே, ஜோதிகா."

"தவறட்டும்."

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். மறுநாள் ஆரோக்கியராஜுக்குப் பதில் குழுவிலிருந்த குணா விமானத்தில் ஏறினான். அவன் கிளம்புமுன் அவன் மனைவியின் நம்பரை ஜோதிகா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.