ஐந்தாம் கிராஸுக்கு ஏன் கார் வருவதில்லை

யுவன் செய்த முதல் தப்பு, பதில் சொன்னது. இரண்டாவது தப்பு, பொறுமையாக, விளக்கமாகப் பதில் சொன்னது. ஆன்லைனில் சண்டைக்கு வருகிறவர்கள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், விளக்கத்தை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள்.

விஷயம் இதுதான். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஐந்தாம் கிராஸ், ஆறாம் கிராஸ் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெருக்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே அகலம். அகலம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். சாயங்காலம் பழைய மெட்ராஸ் ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றுவிட்டால், போனில் மேப் பார்த்து ஓட்டுகிற கார்க்காரர்கள் குறுக்கு வழி தேடி ஆறாம் கிராஸுக்குள் நுழைகிறார்கள். ஐந்தாம் கிராஸுக்குள் ஒரு கார்கூட வருவதில்லை. அங்கே ஒரு சாம்பல் பூனை நடுத்தெருவில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. யுவன் குடியிருப்பது ஐந்தாம் கிராஸில். அவனுக்கு வேலை ஒரு மேப் கம்பெனியில்.

ஊர் வாய்க்கு இது போதாதா? ஆறாம் கிராஸில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் வீணாதான் ஏரியா பேஸ்புக் குழுவில் பற்றவைத்தாள். “அஞ்சாம் கிராஸ்ல மேப் இன்ஜினியர் ஒருத்தர் இருக்காராம். அவர் தெருவுக்கு மட்டும் கார் வராதாம். தற்செயல்தான். நாங்க நம்பிட்டோம்.” அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன.

யுவன் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து, சாம்பார் ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் பதில் எழுதினான். “வணக்கம் மேடம். நான் வழி காட்டுற டீம்ல இல்ல. மேப்பைச் சின்னதாக்கினா எந்த ஏரியா பேர் தெரியணும், எது மறையணும்னு பாக்குறதுதான் என் வேலை. கார் எந்தத் தெருவுல போகுதுங்கறதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல.”

சத்தியமான உண்மை. எழுத்து எத்தனை பெரிது, எந்தப் பெயருக்குப் பக்கத்தில் எது நிற்கலாம் என்பதற்காக மீட்டிங் போட்டு மண்டையை உடைத்துக்கொள்கிற கூட்டத்தில் அவன் ஒருவன். ஆரணியில் இருக்கும் அவன் அம்மாவுக்கே இது என்ன வேலை என்று இன்றுவரை விளங்கவில்லை. யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

வீணா விடவில்லை. “ஓஹோ! மேப்பைச் சின்னதாக்கினா பக்கத்து அல்சூர் மட்டும் தெரியுது, நம்ம ஜோகுபாளையம் காணாமப் போகுது. அதுவும் உங்க வேலைதானா சார்?”

அதுவும் உண்மைதான் என்பதில்தான் யுவனின் கெட்ட நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு குழுவில் திருவிழா. ஆறாம் கிராஸில் வீட்டு விலை விழட்டும் என்று அவன் காத்திருக்கிறானாம். பில்டர் ஒருவரோடு அவனை டீக்கடையில் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜோகுபாளையத்தின் பெயரையே அழிக்கப் பார்க்கிறானாம். இதை எழுதியவரும் மூன்று தலைமுறைக்கு முன்னால் திருப்பத்தூரிலிருந்து வந்த குடும்பத்துக்காரர்தான். யுவன் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டான். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு புதுச் சந்தேகம் முளைத்தது.

அவன் மனைவி அனுஷா எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். “பரவால்லையே, நமக்கு வீடு வாங்குற பிளான்லாம் இருக்கா? எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு.”

“சிரிக்காதடி. இங்க பாரு, இந்த லைக் யாரு போட்டிருக்கான்னு.”

வீணாவின் பதிவுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்களில் டிரேவரும் இருந்தான். யுவனுக்குச் சுருக்கென்றது. ஊரே திட்டட்டும், துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். டிரேவர் அப்படி இல்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவன், ஆறாம் கிராஸ்காரன், யுவனின் கேரம் ஜோடி. பெங்களூருக்கு வந்த புதிதில் ஒரு மனுஷன் முகம் பார்த்துப் பேசாத நாட்களில், “டேய், நிக்கறியே, ஆடத் தெரியுமா?” என்று கூப்பிட்டு உட்காரவைத்தவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுனில் இரட்டையர் ஃபைனல் வேறு. அந்தக் கோப்பையைவிட எதிரே உட்கார்ந்திருக்கும் டிரேவர்தான் யுவனுக்கு முக்கியம்.

நேரில் பேசினால் சரியாகிவிடும் என்று போனான். டிரேவர் வாசலில் நின்று கேட்டைத் தடவிக்கொண்டிருந்தான். புதுசாகப் பச்சை பெயின்ட் அடித்த கேட். அதில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு நீளக் கீறல்.

“பாத்தியா மச்சா? உன் மேப்பைப் பாத்துக்கினு வந்த கார்க்காரன் போட்ட கோலம்.”

“டிரேவர், சத்தியமா நான் அந்த டீம்லயே இல்லடா.”

“இல்லன்னா பக்கத்து சீட்டுல இருக்கறவன்கிட்ட சொல்லலாம்ல? எங்க தெருவுல கொழந்தைங்க வாசல்ல நிக்க முடியல. நீ அங்க பூனைக்குப் பால் ஊத்திக்கினு கீற.” டிரேவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். “சண்டே நான் விக்கியோட ஆடிக்கறேன். நீ வராத.”

யுவன் அப்படியே திரும்பி வந்துவிட்டான்.

அன்று சாயங்காலமும் ஐந்தாம் கிராஸில் வழக்கம்போல ஆட்டம் கூடியது. பெருமாள்சாமியின் இஸ்திரி வண்டிப் பக்கத்தில், ஒரு டிரம் மேல் கேரம் போர்டு, அதற்கு மேலே பல்பு. ஆட வருகிறவர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் பெரும்பாலும் சாப்பாடு டெலிவரி பையன்கள், கார் ஓட்டுகிறவர்கள். அடுத்த ஆர்டர் வரும்வரை அவர்களுக்குப் போக்கிடம் இதுதான். அங்கே சட்டம் ஒன்றே ஒன்று: போர்டுக்குப் பக்கத்தில் வந்தால் போனை வாளியில் போட்டுவிட வேண்டும். கடைசிக் காய்க்கு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ராகேஷ் என்ற டெலிவரி பையன் போனை எடுத்து “சொல்லும்மா” என்று பேசியதில் பெரிய அடிதடியே ஆகி, அதற்குப் பிறகு டிரேவர் போட்ட சட்டம் அது. இஸ்திரி வண்டிக் கொக்கியில் ஒரு நீல பெயின்ட் வாளி தொங்கும். அவனவன் போன் அடிக்கிற சத்தம் அவனவனுக்குத் தெரியும். ஆர்டர் வந்தால் எடுத்துக்கொண்டு ஓடுவான்.

இத்தனை நாளும் யுவனின் போனும் அந்த வாளிக்குள்தான் கிடந்தது. இன்றைக்கு அவன் மாடி பால்கனியில், தள்ளிவைக்கப்பட்டவன் போல, போனும் கையுமாக நின்றான். கீழே அவன் இடத்தில் விக்கி உட்கார்ந்து, சுலபமான காயைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தான். பார்க்கப் பொறுக்கவில்லை. கண்ணைத் திருப்ப ஏதாவது வேண்டுமே என்று மேப்பைத் திறந்தான்.

ஐந்தாம் கிராஸ் ரத்தச் சிவப்பில் இருந்தது. கடும் நெரிசல் என்கிறது மேப். யுவன் கீழே எட்டிப் பார்த்தான். பூனை புரண்டு படுத்தது. மறுபடி மேப்பைப் பார்த்தான், அதே சிவப்பு. ஆறாம் கிராஸ் கொஞ்சம் மஞ்சள், ஆனால் போகலாம் என்கிறது.

அவன் கண் வாளிக்குப் போனது. நிறைய போன்கள். அத்தனையும் ஆர்டருக்காக ஆன் ஆகி, மேப் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்காரர்களின் போன்கள். டிரேவர் இரண்டு கம்பெனிக்கு ஓட்டுவதால் அவனுடையது மட்டும் இரண்டு. எல்லாம் தெரு நடுவில், ஒரு அடிகூட நகராமல். எந்தத் தெருவில் நெரிசல் என்று மேப் கணக்குப் போடுவதே போன்கள் நகர்கிற வேகத்தை வைத்துத்தான். மேப்புக்கு வாளி தெரியுமா, கேரம் தெரியுமா? வண்டிகள் நின்றுகிடக்கின்றன, இந்தப் பக்கம் வராதே, பக்கத்துத் தெருவில் போ என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

யுவன் படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினான். பாதிப் படியில் நின்றும்விட்டான். இதைக் குழுவில் போட்டால் தன் பெயர் ஒரே நிமிஷத்தில் வெளுத்துவிடும். அடுத்த நிமிஷம் ஆறாம் கிராஸே திரண்டு வந்து போர்டை உடைக்கும். பையன்களுக்கு உட்கார வேறு இடம் கிடையாது. போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசிக்கவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் டிரேவரின் தோளைத் தட்டினான்.

“ஆட வராதன்னு சொன்னல்ல? ஆட வரல. அந்த வாளிய எடுத்துக்கினு எங்கூட உங்க தெருவுக்கு வா. அவ்ளோதான்.”

டிரேவர் முறைத்தான். ஆனாலும் ஆட்டக்காரன், சவால் என்று தெரிந்தால் விடமாட்டான். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஆறாம் கிராஸில் வீணாவின் பார்லர் வாசலில் வாளியை வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். யுவன் மேப்பை நீட்டினான். கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் கிராஸ் வெளுத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆறாம் கிராஸ் சிவந்தது. முனையில் உள்ளே திரும்பப் பார்த்த ஒரு வெள்ளைக் கார் தயங்கி, பின்வாங்கி, அடுத்த திருப்பத்துக்குப் போனது.

டிரேவர் மேப்பைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். கடைசியில் தன் கேட்டைப் பார்த்தான்.

“அப்போ என் கேட்டைக் கீறினது நான்தானா?”

“உன் ரெண்டு போனும் சேந்து.”

டிரேவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “மன்னிச்சிக்க மச்சா. பேஜார் பண்ணிட்டேன் உன்ன,” என்று யுவனின் கழுத்தைச் சுற்றிக் கை போட்டான்.

மறுநாளிலிருந்து போர்டு ஆறாம் கிராஸுக்குக் குடிபெயர்ந்தது. காரணத்தை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் நாலு பையன்கள் இருந்தால் பார்லருக்கு வருகிற பெண்களுக்குப் பாதுகாப்பு என்று டிரேவர் ஒரு கதை விட்டான். வீணாவே பல்புக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தாள். கார்கள் ஆறாம் கிராஸை மறந்தே போயின. எல்லாம் ஐந்தாம் கிராஸுக்கு வந்தன. பூனை மதில் மேல் ஏறிக்கொண்டது. ஹாரன் சத்தத்தில் டிவி கேட்காமல் அனுஷா போன் போட்டுக் கத்தினாள்: “நீ மேப் கம்பெனிலதானே இருக்க? ஏதாவது பண்ணேன்!”

சனிக்கிழமை சாயங்காலம், ஃபைனலுக்கு முந்தின பயிற்சிக்கு உட்காரும்போது யுவனின் போன் விடாமல் துடித்தது. வீணா எழுதியிருந்தாள்: “பாத்தீங்களா? நாம கேட்டோம், சார் மாத்திட்டாரு! சம்பந்தமே இல்லன்னு சொன்னாரே! ரொம்ப தேங்க்ஸ் சார்.” கீழே அடுகோடி ஏரியாவிலிருந்து ஒருவர், ஓசூர் ரோடு ஜாமையும் கொஞ்சம் கவனிக்கும்படி கேட்டிருந்தார். ஐந்தாம் கிராஸ் ஆட்கள் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது.

யுவன் விளக்கம் எழுத ஆரம்பித்தான். “வணக்கம். நான் முன்னமே சொன்ன மாதிரி, நான் வழி காட்டுற டீம்ல...”

எதிரே டிரேவர் போர்டில் பவுடரைத் தூவி, ஸ்ட்ரைக்கரை அவன் பக்கம் தள்ளினான். “மச்சா, போனை வாளில போடு. நீதான் ஓப்பனிங்.”

யுவன் எழுதினதை அழித்தான். போனை வாளிக்குள் போட்டுவிட்டு, காய்களைப் பார்த்துக் குனிந்தான்.