இரண்டாம் எண்ணுக்கு மேல் ஒரு பொட்டு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மண்டையில் பிறந்ததல்ல. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமியூட்டர் ரயிலில், எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த மாதவி சொன்னது. நான் பிரிக்பீல்ட்ஸ்காரன். முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வயரோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். அதைக் கேட்டதும்தான் அவள் வாயைத் திறந்தாள். ரயில் ஷா ஆலமில் ஒன்றரை மணி நேரம் நின்றது. (சரி, பன்னிரண்டு நிமிடம்.)

எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் மூன்றால் வகுத்துத்தான் காதில் வாங்குவார்கள். மீன் பிடித்த கதை, பேருந்தைத் துரத்திய கதை, எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே எங்கெங்கே பெருக்கினேனோ அங்கெல்லாம் அடைப்புக்குறிக்குள் உண்மையைப் போட்டுவிடுகிறேன். போகப் போக அடைப்புக்குறி குறையும். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைக்கடியில் யானை அளவு இயந்திரம் ஒன்று பெருமூச்சு விட்டபடி…"

[யானை இல்லை. இடுப்பு உயரம். அடித்துவிட்டேன்.]

இரண்டாம் முயற்சி: "வலையமைப்பு ஸ்விட்ச் என்பது யாதெனில்…"

[எனக்கே கொட்டாவி வருகிறது.]

மூன்றாவது: "மதியம் மூன்று மணிக்கு மாதவி மண்டியிட்டாள்."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

3.

மதியம் மூன்று மணிக்கு மாதவி மண்டியிட்டாள். எதிரே இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. ஸ்விட்ச் என்பார்கள், சுவரில் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல. அந்த மருத்துவமனையின் ஐந்து மாடிக் கணினிகளும், பரிசோதனைக்கூடமும், மருந்தகமும், தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒன்றோடொன்று பேசுவது இந்தப் பெட்டி வழியாகத்தான். பெட்டியின் பின்பக்கம், அடியில், செங்கல் அளவில், பெட்டிக்கு மின்சாரம் தரும் இரண்டு பவர் சப்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் செருகப்பட்டிருந்தன. ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். அதனால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்ததை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். ஒரே ஒரு நிபந்தனை: செத்ததைத்தான் உருவ வேண்டும்.

மாதவிக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு வருடம் ஒரு வெளிக் கம்பெனிக்காகக் கூரைக்குள் ஊர்ந்து கேபிள் இழுத்து, இந்த மாதிரிப் பெட்டிகளைத் தொடும் அனுமதியைச் சம்பாதித்தவள். மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, அதன் கிளிப்பைப் பெட்டியின் இரும்பில் மாட்டினாள். உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும். புதிய பவர் சப்ளையை உறையிலிருந்து எடுக்காமலே பக்கத்தில் வைத்தாள். செய்ய வேண்டியது மனப்பாடம்: பொத்தானை அணை, வயரைப் பிடுங்கு, திருகாணியைத் தளர்த்து, ஒரு கையால் பிடியை இழு, மறு கையால் அடியில் தாங்கு, இணைப்பு ஊசிகளில் விரலை வைக்காதே, பழையதை எடுத்தால் துவாரத்தைத் திறந்து போடாதே.

பிறகு மடிக்கணினியை இணைத்துப் பெட்டியையே கேட்டாள்: எது போய்விட்டது?

இரண்டாம் எண், என்றது பெட்டி.

இரண்டாம் எண் எது? ஒவ்வொரு பவர் சப்ளையின் முகப்பிலும் பொடி எழுத்தில் எண் அச்சடித்திருக்கும். பக்கத்திலேயே சிறு விளக்கு. உயிரோடு இருந்தால் பச்சை, போய்விட்டால் இருட்டு. எண்ணின் மேலும் விளக்கின் மேலும் சேர்த்துச் சந்தனம் அப்பியிருந்தது. சந்தனத்தின் நடுவில் குங்குமம். இரண்டு பவர் சப்ளைக்கும் ஆளுக்கொரு பொட்டு.*

மாதவி கட்டைவிரலை நீட்டினாள். ஒரு நொடி வேலை. பொட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் விரல் நின்றது. பிறகு தொடாமலே இறங்கிவிட்டது. அவள் தொட்ட பெட்டிகளில் எல்லாம் எண் இடமிருந்து வலமாகத்தான் ஓடும். ஆகவே வலப்பக்கத்தில் இருப்பதுதான் இரண்டு. அதன் பொத்தானை அணைத்தாள்.

அறையின் இரைச்சல் மொத்தமும் நின்றது.

இந்தப் பெட்டியில் எண் வலமிருந்து இடமாக ஓடியது.

(* ஆயுத பூஜைக்கு வைத்தது. அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் புஷ்பவல்லி வருடா வருடம் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைப்பார். காய்ந்த சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம். ஆறு வருடத்துச் சந்தனம் ஒரு சாண் தடிமன் இருந்தது. ஒரு வெள்ளிக்காசுத் தடிமன் என்று படித்துக்கொள்ளுங்கள்.)

4.

விரல் ஏன் நின்றது?

என்னைப் போன்ற ஆளிடம் இந்தக் கேள்வியை விட்டுவைக்கக் கூடாது. முதல் வரைவில் மாதவியை விதவையாக்கினேன். போர்ட் கிள்ளானில் லோரி விபத்து, பதினாறாம் நாள், உறவுக்காரப் பெண்கள் கூடி நின்று அவள் நெற்றியை… என்று மூன்று பக்கம். எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது பாருங்கள்!

பொருந்தியதால்தான் கிழித்தேன். அவள் கணவர் சுகுமாறன் நன்றாக இருக்கிறார். சாலாக் செலாத்தானில் அன்று மாலை அவளுக்காக ஸ்டேஷனில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். மனிதரைக் கொன்றதற்கு மன்னிப்புக் கேட்டு, உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

துடைக்காததற்குக் காரணம் எதுவும் இல்லை. ரயிலில் இப்படித்தான் சொன்னாள்: "அங்கிள், எனக்கு அவ்வளவு பக்தியெல்லாம் இல்ல. ஆனா பொட்டு பாருங்க. யாரோ மனசார வச்சது. கையால அழிக்கணும்னா கை வரமாட்டேங்குது."

என் கையைப் பார்த்தேன். எனக்கும் வந்திருக்காது. உங்கள் கையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

5.

அவள் அதே நொடியில் பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டாள். ஆனால் அந்த மாதிரிப் பெட்டி தூக்கம் கலைந்த குழந்தை போல உடனே எழுந்து உட்காராது. ஒவ்வொரு பாகமாகத் தன்னைச் சோதித்துக்கொண்டு எழும்ப அதற்குப் பதினோரு நிமிடம்.

பதினொன்றை நாற்பதாக்கலாமா என்று பேனா துடித்தது. ஆக்கவில்லை.

நான்காம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் நடுவில் தாதியர் உட்காரும் இடத்தில், பன்னிரண்டு கட்டில்களின் இதயத் துடிப்பையும் ஒன்றாகக் காட்டும் பெரிய திரை உண்டு. அது கறுத்துப்போனது. கட்டிலருகே இருந்த சிறு திரைகள் ஓடின. ஆனால் அவற்றை ஓரிடத்திலிருந்து பார்க்க முடியாது. தாதியர் எழுந்து ஓடி, ஆளுக்கு இரண்டு கட்டில் என்று நடுவில் நின்றுகொண்டார்கள். ஒருத்திக்கு மட்டும் நான்கு கட்டில். பதினோரு நிமிடமும் அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். இரண்டாம் மாடியில் ஒரு பெரியவருக்கு ஏற்ற வேண்டிய ரத்தம், பரிசோதனை முடிவு திரைக்கு வராததால் காத்திருந்தது.

ஒரு வரைவில் அந்தப் பெரியவர் இறந்துபோனார். அதையும் கிழித்தேன். யாரும் இறக்கவில்லை. ஒருவர் முடிவு எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் ஓடி வந்தார், ரத்தம் ஏறியது.

கீழே மாதவி, பட்டை கட்டிய கையோடு, ஒவ்வொரு விளக்காக எரிவதை மண்டியிட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு மெதுவாக ஓடிய பதினோரு நிமிடத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. இந்த வாக்கியத்துக்கு அடைப்புக்குறி தேவையில்லை.

6.

பெட்டி எழும்பியதும் மருத்துவமனைக் கணினிப் பிரிவின் மேலாளர் பாலசுந்தரம் வாசலில் வந்து நின்றார். போனின் வாயை உள்ளங்கையால் பொத்தியிருந்தார்.

"மாதவி, டைரக்டர் லைன்ல இருக்கார். நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. செத்த பவர் சப்ளை இன்னும் உள்ளேதான் இருக்கு, இல்லையா?"

"ஆமா சார். மாத்திடுறேன்."

"மாத்துங்க. ஒத்தக் கால்ல ஓடிக்கிட்டிருக்கு. ஆனா கை வைக்கிறதுக்கு முன்னாடி, இப்ப எப்படி இருக்கோ அப்படியே ஒரு போட்டோ. பின்பக்கம். அப்புறம் ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு வரி."

"ஒரு வரியில சொல்ல முடியுமா சார்?"

"நீங்க சொல்லாட்டி மேல சொல்லுவாங்க. ஒரு ஆளு பேர் இல்லாம இது முடியாது."

அவர் நகர்ந்தார். பெட்டியின் பின்பக்கத்தை அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அடுத்து வந்தது புஷ்பவல்லி, கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓவோடு, அதாவது பால் விடாத தேநீரோடு.

"ஏன்மா, மேல நர்ஸு மிஸ்ஸிங்க எல்லாம் தலைதெறிக்க ஓடினாங்களே, என்ன ஆச்சு?"

"ஒன்னும் இல்லக்கா. வந்துடுச்சு."

"மூஞ்சிய பாத்தா ஒன்னும் இல்லாத மாதிரி இல்லயே. இந்தா குடி. சீனி கம்மியா போடுன்னேன், கடைக்காரன் சீனிய வச்சுக்கிட்டு தே ஓவத்தான் கம்மியா போட்டிருக்கான்."

மாதவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றது.

"கண்ணு பட்டிருக்கும்லா," என்றார் புஷ்பவல்லி. "நான் பொட்டு வச்ச மிஷின் ஒன்னுகூட இதுவரைக்கும் ரோசாக் ஆனதில்ல, கெட்டுப்போனதில்ல. இந்த வருஷம் எலுமிச்சம்பழமும் கட்டிடுறேன்."

"வேற எங்கெல்லாம்க்கா வச்சிருக்கீங்க?"

"கேக்கறா பாரு! லிஃப்ட்டு, ஜெனரேட்டர், ஆப்பரேஷன் ரூமு. அதுக்கு மட்டும் ஓரவஞ்சன பண்ண முடியுமா?"

அறைக்கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: தொழில்நுட்பர் தவிர வேறு யாரும் கருவிகளைத் தொடக் கூடாது, மீறினால் அன்றே வேலை நீக்கம். கீழே கையெழுத்துகள். நான்காவது, புஷ்பவல்லியுடையது. மூன்று வருடத்தில் அவருக்கு ஓய்வு.

மாதவிக்கும் ஒரு தாள் உண்டு. போன வருடம் போர்ட் கிள்ளான் கிடங்கொன்றில் தவறான கேபிளைப் பிடுங்கியதற்கு அவளுடைய கம்பெனி கொடுத்த வார்னிங் லெட்டர். இரண்டாவது வந்தால் இந்த மாதிரிப் பெட்டிப் பக்கம் அவள் வர முடியாது. திரும்பவும் கூரைக்குள் ஊர்ந்து போக வேண்டியதுதான், அதுவும் கம்பெனி வைத்துக்கொண்டால்.

புஷ்பவல்லி போன பிறகு மாதவி கைபேசியை எடுத்தாள். இன்னொரு கையில் ஈரத்துணி. எண்ணைப் பார்க்காமல் இனி எதையும் தொட மாட்டாள். துடைத்தே ஆக வேண்டும். படம் எடுத்துவிட்டுத் துடைப்பதா, துடைத்துவிட்டுப் படம் எடுப்பதா? இவ்வளவுதான் கேள்வி.

7.

முடிவு (அ): படம் எடுக்கிறாள். பொட்டு தெளிவாக விழுகிறது. காரண வரியில், 'நான் துடைத்துப் பார்க்காமல் இடமிருந்து எண்ணிவிட்டேன்' என்றே எழுதுகிறாள். நேர்மையான வரிதான். ஆனால் வரியை யார் படிக்கப் போகிறார்கள், படம் இருக்கும்போது? சாயங்காலத்துக்குள் புஷ்பவல்லியின்…

முடிவு (ஆ): துடைக்கிறாள். சுத்தமான இரும்பு, பளிச்சென்று எண், பச்சை விளக்கு. அதைப் படம் எடுக்கிறாள். எண் இவ்வளவு தெளிவாக இருந்தும் தவறவிட்டவள் என்று அவள் பெயர் மட்டும் மேலே போகிறது. எனக்கு இந்த முடிவுதான் பிடித்திருந்தது. தியாகம் எழுதினால் கை வலிப்பதில்லை. அப்போதுதான் அந்த ஆப்பரேஷன் அறை நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஏதோ ஒரு விளக்கின் மேல் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே நாளைக்கு மண்டியிடப் போகிறவரிடம் யார் சொல்வது?

முடிவு (இ): பாலசுந்தரம் உள்ளே வருகிறார், குனிகிறார், பொட்டைப் பார்க்கிறார், தானே கைக்குட்டையால் துடைத்து, "யாருக்கும் தெரிய வேண்டாம், எல்லா மிஷினையும் நாமளே சுத்தம் பண்ணிடுவோம்" என்கிறார்.

[பாலசுந்தரம் நல்லவர்தான். ஆனால் இவ்வளவு நல்லவர் என் கற்பனையில்தான் சம்பளம் வாங்குகிறார். அடித்துவிட்டேன்.]

8.

கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது கேட்டேன். "அப்புறம் என்னம்மா செஞ்சே?"

"நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க அங்கிள்?"

முப்பத்தொரு வருட அனுபவம், எத்தனையோ ஆயிரம் பொய், ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. அவள் அடுத்த ரயிலைப் பிடிக்கப் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் செய்தது எதுவாக இருந்தாலும், செய்து முடித்துவிட்டுத்தான் அந்த ரயிலில் உட்கார்ந்திருந்தாள். அது எதுவென்று அவள் முகத்தில் தெரிந்தது என்று எழுத ஆசை. தெரியவில்லை.

ஆகவே உங்களை அந்த அறையில் விட்டுவிட்டுப் போகிறேன். மணி மூன்றரை. பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். மண்டியிட்டால்தான் தெரியும், முழங்கால் கொஞ்சம் வலிக்கும். இடது கையில் கைபேசி, வலது கையில் ஈரத்துணி. மேலே பன்னிரண்டு கட்டில்களையும் காட்டும் திரை அந்த ஒற்றைப் பவர் சப்ளையை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நேரம் யோசிக்க முடியாது. நடைபாதையில் புஷ்பவல்லி தரை துடைக்கும் வாளியை உருட்டிக்கொண்டு போகிறார்.

பாலசுந்தரம் கதவைத் தட்டுகிறார்.

"மாதவி, போட்டோ எடுத்தாச்சா?"

சொல்லுங்கள்.