கரிப்பு இல்லாத மண்

நடவு முடிந்து மூன்றாவது வாரம். சேற்றில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்த செல்லாத்தாள் ஒரு நெற்பயிரைப் பிடித்துப் பார்த்தாள். இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள். நேற்று வாய்க்கால் ஓரத்தில் மட்டும் இருந்தது, இன்று பாதி வயலுக்குப் பரவியிருந்தது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அந்த ஒரு ஏக்கர் களர் நிலம் குப்பண்ணப் பண்ணாடியுடையது. புல்லும் முளைக்காத நிலத்தை நான்கு வருஷத்துக்கு முன் செல்லாத்தாளின் புருஷன் மாரப்பனிடம் கொடுத்தார். உப்புப் போகிற வரைக்கும் அவர்களே வெள்ளாமை செய்து தின்னலாம், வாரமென்று விளைச்சலில் பங்கு அளக்க வேண்டாம், உப்புப் போனதும் நிலத்தை விட்டுவிட வேண்டும் என்று பேச்சு. உழுகிறவனுக்கே நிலம் என்று குடியான் சட்டம் வந்த பிறகு எந்தப் பண்ணாடி காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்? புருஷனும் பெண்டாட்டியும் உப்பை முறிக்க ஜிப்சம் சுமந்து கொட்டி, தண்ணீர் கட்டி வடித்து, மறுபடி கட்டி இடுப்பொடிந்து போனார்கள். தை பிறந்தால் பண்ணாடி வந்து, மாரப்பனை ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வார். தான் வைத்துப் பார்க்க மாட்டார், அவர் நாக்குக்கு அது ஆகாது. "இன்னம் கரிக்குதுங்க" என்பான் மாரப்பன். போன தையில் சொன்னது மட்டும் சுத்தப் பொய்.

இப்போது அந்தப் பொய்யே பலித்துவிட்டது என்று பயந்தான். உப்பைக் கழுவத் தண்ணீரை இன்னும் ஏற்றிக் கட்டினான். பயிர் இன்னும் சிவந்தது. செல்லாத்தாள் பொறுக்க மாட்டாமல், அவனிடம் சொல்லாமலே போய் மலையாளத்து விவசாய ஆபீசரை அழைத்துவந்தாள்.

அவர் மண்ணைக் கண்ணாடிக் குழாயில் கரைத்துப் பார்த்தார். "இதுல உப்பு ஒண்ணும் இல்லா அம்மே, மண்ணு நன்னாயி. சிங்க் சத்துதான் குறவு. தண்ணிய வடிச்சிட்டு, பத்து கிலோ சிங்க் சல்பேட் இட்டா மதி, அது போதும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினால், வரப்பில் குப்பண்ணப் பண்ணாடி நின்றிருந்தார்.

"உப்புப் போயிருச்சுங்களா சாரே?"

"அது எப்பவோ போயி."

பண்ணாடி, மடையில் மண்வெட்டியோடு நின்றிருந்த மாரப்பனைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? பேசுனபடி நிலத்த வுட்டுரு."

"பயிரு நிக்குதுங்க பண்ணாடி. இந்த ஒரு வெள்ளாமையாச்சும்..."

"என்றகிட்டயே பொய் சொன்னவனுக்கு வெள்ளாமை வேறயா?"

ஆபீசர் ஒன்றும் புரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

"நாந்தானுங்க கூட்டியாந்து கெடுத்துட்டேன்" என்று அழுதாள் செல்லாத்தாள்.

"பயிரு சாவறதப் பாத்துட்டு எப்புடிச் சும்மா இருப்பே?" என்றான் மாரப்பன்.

நான்காம் நாள் செல்லாத்தாளைக் கூட்டிவரப் பண்ணாடி ஆள் அனுப்பினார். வயலில் தண்ணீர் வடிந்திருந்தது. வரப்பில், ஆபீசர் சொன்ன வெள்ளைத் தூள் மணலோடு கலந்து ஒரு கூடை இருந்தது.

"நீயே தூவு செல்லாத்தா. இந்த மண்ணு உன்ற கைக்குப் பழகுனது. கூலி சாயங்காலம் வாங்கிக்க" என்றார் பண்ணாடி.

அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். ஒரு மூலையும் விடாமல், கைக்குக் கை ஒரே அளவாகத் தூவினாள். அவளுக்கு அப்படித்தான் தூவத் தெரியும்.