பட்டறைச் சொந்தக்காரி

“ஏளா, காரு வந்துட்டு. உள்ள போ. அவங்க போற வரைக்கும் வெளிய தல காட்டிராத!” மருமகளை விறகு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார் சொரிமுத்து.

இளைய மகனுக்குப் பெண் கொடுப்பவர்கள் ஏரலிலிருந்து வீடு பார்க்க வந்திருந்தார்கள். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் தாலியறுத்தவள் எதிரே வரலாமா? மூத்தவன் செல்லப்பாண்டி போன வருஷம் தீப்பெட்டிப் பட்டறையில் மருந்து கலக்கும்போது வெந்து செத்தான். அன்று முதல் அவன் மனைவி சண்முகத்தாய்க்குப் பழஞ்சோறும் இந்த விறகு அறையும்தான். அவள் மகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பெட்டி ஒட்ட உட்கார்த்திவிட்டார் மாமனார்.

ஆனால் மருமகளின் பெயர் மட்டும் அவருக்கு வேண்டியிருந்தது. சின்னப் பட்டறைகளுக்குச் சர்க்கார் கலால் வரியைக் குறைத்திருந்தது. மாப்பிள்ளையூரணியில் இருந்த பெரிய பட்டறையின் நடுவே ஒரு சுவரை எழுப்பி, ஒரு பாதிக்குத் தம் பெயரிலும் மறுபாதிக்கு அவள் பெயரிலும் லைசென்ஸ் வாங்கியிருந்தார்.

பலகாரம் பரிமாறும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. கலால் இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் இறங்கினார்.

“ரெண்டு பட்டறையும் ஒரே ஆளுதுன்னு புகார் வந்திருக்கு. சண்முகத்தாய் யாரு? நேர்ல பாக்கணும்.”

சொரிமுத்து பலகாரத் தட்டைக் கீழே வைத்தார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். “தாயீ, வெளிய வா. பட்டறை ஒன்னோடதுன்னு மட்டும் சொல்லிரு.”

சம்பந்தக்காரர்கள் நடுவே வந்து நின்றாள் சண்முகத்தாய். மாமனார் கும்பிடாத குறையாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவள் வயிறு குளிர்ந்தது. உண்மையைச் சொன்னால் அபராதம் கட்டிவிட்டு வேறொரு பெயரைத் தேடிக்கொள்வார். அது போதாது.

“என் பட்டறைதான் சார்.”

“சரக்கு, வரி எல்லாம் நீங்கதான் பாக்கீங்களா?”

“இதுவரைக்கும் மாமா ஒத்தாசைக்குப் பாத்தாங்க. அவங்களுக்கு வயசாயிட்டுல்லா? இனிமே நானே பாத்துக்கிடுதேன். மாமா, பட்டறைச் சாவியத் தாங்க.”

சொரிமுத்து பல்லைக் கடித்தார்.

“ஏன் அண்ணாச்சி யோசிக்கீங்க? அவங்க பட்டறைதானே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆமா… அவ பட்டறைதான்.” இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. “மருந்து அறைச் சாவியும்.”

அதுவும் வந்தது. ஏரல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அருமைநாயகத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. “ரொம்ப சந்தோஷம்மா. ஒங்கள மாதிரி ஆதரவில்லாத பொம்பளைங்க முன்னுக்கு வரணும்னுதான் சர்க்கார் இந்தச் சலுகையே குடுக்கு.”

சண்முகத்தாய் மாமனாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“எல்லாம் மாமா செஞ்ச புண்ணியம் சார்.”