யாருக்காவது பாக்கி உண்டா?

ஷெல்பியின் காகிதச் சங்கிலியில் ஒரே ஒரு வளையம்தான் மிச்சம் இருந்தது. நோரீனுடையது பக்கத்திலேயே பாதிச் சுவர் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் நோரீன் சர்ச்சின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போது அந்தச் சுவரைப் பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வருவாள். உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். வயிறு எரியும்.

ஷெல்பி அவளுக்கு ஓரகத்தி. நோரீனின் புருஷன் கர்ட்டிஸ் கோழிப் பண்ணை லாரி ஓட்டுகிறவன். அவன் தம்பி லைல் மர அறுவை ஆலையில் வேலை பார்க்கிறவன். அந்த லைலின் பெண்டாட்டிதான் ஷெல்பி. இரண்டு குடும்பமும் ஒரே நாளில்தான் ஹார்லன் நடத்தும் கடன் ஒழிப்பு வகுப்பில் சேர்ந்தன. ஹார்லனுக்கு ஊரில் தீவனக் கடை. ஒரு காலத்தில் கடனில் கடையையே பறிகொடுத்துவிட்டு மறுபடி மேலே வந்தவர். அதனால் அவர் சொன்னால் ஆர்கன்சாவின் அந்தச் சிற்றூரில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கடன் அட்டைகளை எல்லார் முன்னாலும் வெட்டிப் போட வேண்டும். மளிகைக்கு ஓர் உறை, பெட்ரோலுக்கு ஓர் உறை என்று ரொக்கத்தைப் பிரித்து வைக்க வேண்டும். உறை காலியானால் அந்த மாதத்துக்கு அவ்வளவுதான். ஆயிரம் டாலர் கடனுக்கு ஒரு காகித வளையம். அடைக்க அடைக்கக் கிழித்துக்கொண்டே வர வேண்டும்.

கடைசி வளையத்தைக் கிழித்த குடும்பம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மேடையேறி, "நாங்க யாருக்கும் கடன் இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தலாம். மொத்தச் சபையும் எழுந்து நின்று கைதட்டும். பல் போன கிழவர்கள்கூட விசிலடிப்பார்கள். அந்த ஒரு கத்தலுக்காகத்தான் ஊரே பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுகொண்டிருந்தது. ஒன்றரை வருஷம் அதே பீன்ஸைத் தின்று நோரீனுக்குக் கன்னம் வற்றியது. ஷெல்பிக்கு இடுப்பு மெலிந்தது. சலூனுக்குப் போகும் காசை மிச்சம் பிடிக்க ஷெல்பி சமையலறைக் கத்தரிக்கோலால் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். அதுவும் அவளுக்கு எடுப்பாக இருந்தது. இதையெல்லாம் எந்தப் பெண்தான் பொறுத்துக்கொள்வாள்?

ஆனால் நோரீனிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் லைலுக்கு முதுகு பிடித்து வேலைக்குப் போகாமல் கிடந்தபோது கர்ட்டிஸ் நாலாயிரம் டாலர் கொடுத்தான். சமையலறைக்குத் தரை மாற்ற நோரீன் சேர்த்து வைத்த பணம். வகுப்பின் முதல் நாள் எல்லாரும் எழுந்து நின்று தங்கள் கடனைச் சொன்னபோது ஷெல்பி படகுக் கடன் சொன்னாள், ஆஸ்பத்திரிக் கடன் சொன்னாள், இரண்டு அட்டையைச் சொன்னாள். நாலாயிரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நோரீனும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வேளை வரும் என்று வைத்துக்கொண்டாள்.

வாயைத் திறக்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவளுமே ஒன்றை மறைத்திருந்தாள். டிவியில் சாமான் விற்கிறார்களே, அந்தக் கடையின் அட்டை. பீங்கான் பொம்மை, கல் பதித்த மோதிரம், திறக்காமலே கிடந்த இரண்டு குக்கர் என்று தையல் அலமாரிக்குள் ஒரு கடையே இருந்தது. மற்ற அட்டைகளை வெட்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அது மட்டும் கைப்பைக்குள் பத்திரமாக இருந்தது. பில் வரும்போதெல்லாம், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையல்கட்டில், உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே, ஆண்டவரே இதை எப்படியாவது தீர்த்துவிடும் என்று ஜெபித்தாள். போன அக்டோபரில் வந்த பில்லில் பாக்கி சுழியம் என்று போட்டிருந்தது. நோரீன் அந்தக் கடைக்குப் போன் போட்டுக் கேட்கவில்லை. ஆண்டவர் செய்த அற்புதத்தை யாராவது போன் போட்டுச் சரிபார்ப்பார்களா? கண்ணை மூடி நன்றி சொன்னாள். மனதுக்குள், ஷெல்பிக்கு இப்படி ஒன்று நடக்கவில்லையே என்று கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஷெல்பி கடைசி வளையத்தைக் கிழித்தாள். லைல் அவளைத் தூக்கிச் சுற்றினான். வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மேடையேறுவதற்கு முன்னால் இந்தக் குடும்பம் இங்கே யாருக்காவது பாக்கி வைத்திருக்கிறதா என்று ஹார்லன் கேட்பார். வெறும் சடங்குதான். யாராவது, என் கேக் தட்டைத் திருப்பித் தரலை என்பார்கள்; எல்லாரும் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள்.

"சொல்லுங்க, இவங்க யாருக்காவது பாக்கி உண்டா?" என்றார் ஹார்லன்.

நோரீன் கையைத் தூக்கினாள். தூக்கும்போதே சிலர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஓரகத்தி கேலிக்கு ஏதோ சொல்லப்போகிறாள் என்று.

"உண்டு, பிரதர் ஹார்லன். என் வீட்டுக்காரருக்கு நாலாயிரம் டாலர். மூணு வருஷமாச்சு."

சிரிப்பு நின்றது. நோரீனுக்கு உடம்பெல்லாம் சூடாக, இதமாக இருந்தது. ஷெல்பி அவளைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. கர்ட்டிஸைத்தான் பார்த்தாள். லைல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கர்ட்டிஸ் முந்திக்கொண்டு எழுந்தான். அந்த மனுஷன் வகுப்பில் எழுந்து பேசியதே கிடையாது.

"அவங்க குடுத்துட்டாங்க. போன அக்டோபர்லயே. படகை வித்த கையோட ரொக்கமா கொண்டாந்து குடுத்தான்."

"அப்ப பணம் எங்க?" என்றாள் நோரீன்.

"செலவழிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"எனக்குத் தேவைப்பட்டுச்சு."

அந்த வகுப்பில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு. பெண்டாட்டிக்குத் தெரியாமல் செலவழித்ததற்குக் கிடையாது. ஹார்லன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாரும் காபி குடித்துவிட்டு வாருங்கள் என்றார். கர்ட்டிஸை மட்டும் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார். பெண்கள் ஆளுக்கொருத்தியாக வந்து நோரீனின் தோளைத் தட்டினார்கள். ஒருத்தி, ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான் கண்ணு என்றாள். சீட்டாட்டமாக இருக்கும் என்று இன்னொருத்தி காதில் ஓதினாள். நோரீனுக்குப் புருஷன் மேல் ஆத்திரம் பொங்கியது. அதைவிட அதிகமாக, ஞாயிற்றுக்கிழமை ஷெல்பி எப்படியும் கத்தத்தான் போகிறாள் என்பது வலித்தது.

காபித் தம்ளரை வைக்கச் சமையல்கட்டுக்குள் போனவளுக்குப் பின்னாலேயே ஷெல்பி வந்து கதவைச் சாத்தினாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நோரீன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அந்தாளை வீட்ல போய் ஒண்ணும் திட்டாத" என்றாள் ஷெல்பி.

"எம் புருஷனை நான் திட்டுறதுக்கு உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"டிவி கடை அட்டை, நோரீன்."

நோரீனின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. ஷெல்பி குரலைத் தணித்துச் சொன்னாள். லைல் பணத்தோடு போன அன்றைக்கு கர்ட்டிஸ் லாரிக்குள் அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். லாரிச் சாவியைத் தேடி நோரீனின் கோட்டுப் பையில் கைவிட்டபோது கிடைத்ததாம். அண்ணனும் தம்பியும் நேராகப் போஸ்ட் ஆபீசுக்குப் போய் மணியார்டர் எடுத்து அப்படியே அனுப்பிவிட்டார்களாம். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவள் தலைகுனிந்து நிற்கக் கூடாது, அவளாகச் சொல்லும்போது சொல்லட்டும் என்றானாம் கர்ட்டிஸ்.

நோரீனுக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல. போன அக்டோபரிலிருந்தே இவளுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம்தான் வந்தது. இப்போதுகூட அத்தனை பேர் முன்னால் கடன்காரி என்று நின்றபோது ஒரு வார்த்தையில் திருப்பி அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. இதிலும் முந்திக்கொண்டுவிட்டாளே.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? நல்லவ பேர் வாங்கவா?"

ஷெல்பி குழாயைத் திறந்து, கழுவ எதுவும் இல்லாமல் கையைக் கழுவினாள்.

"அந்த பில் என் கோட்டுல கெடச்சிருந்தா லைல் என்ன பண்ணியிருப்பான் தெரியுமா? இதே ஹால்ல எல்லார் முன்னாடியும் படிச்சிக் காட்டியிருப்பான். நான் முடியை ஏன் நானே வெட்டிக்கிட்டேன்னு நெனக்கிற? அதுக்குக்கூட அவன்கிட்ட கணக்குச் சொல்லணும். நாங்க சீக்கிரம் அடைச்சோம், உண்மைதான். பயத்துல அடைச்சோம்." குழாயை மூடினாள். "அன்னைக்கு லைல் வந்து இதைச் சொன்னப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரல. உன்னைப் பாக்கும்போதெல்லாம் எரியும்டி. உனக்கு அந்தாளு கெடச்சிருக்கானேன்னு."

நோரீன் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குள் போனாள். மூலையில் ஹார்லன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கர்ட்டிஸ் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, சரிங்க, சரிங்க என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் வேண்டாம் என்பதுபோலச் சின்னதாகத் தலையை அசைத்தான்.

"பிரதர் ஹார்லன், அவரை விடுங்க. எல்லாரும் கேட்டுக்கோங்க. அந்தப் பணத்தை அவர் தின்னல. நான் ஒரு அட்டையை மறைச்சு வச்சிருந்தேன். அதை அடைச்சாரு. ஷெல்பி யாருக்கும் பாக்கி இல்ல."

காபித் தம்ளர்கள் அப்படியே நின்றன. தோளைத் தட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள். சீட்டாட்டம் என்றவள் பைக்குள் எதையோ தேடினாள்.

"உக்காரு நோரீன்" என்றான் கர்ட்டிஸ், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு. "நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும்."

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த ஷெல்பி அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் லைல், இதற்கு இத்தனை நேரமா என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். ஷெல்பிக்கு வாய்க்காத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று நோரீனுக்குத் தெரிந்த முதல் நாள் அது. அப்படி ஒன்றுக்காக நோரீன் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். இப்போது கர்ட்டிஸ் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், அவளால் தலையை நிமிர்த்தி ஷெல்பி பக்கம் பார்க்க முடியவில்லை.