உங்கள் நாற்காலி காத்திருக்கிறது

லவோனைப் பேருந்தின் மூன்று படிகளில் இறக்கிவிட எனக்கு நாலு நிமிடம் பிடித்தது. பின்னால் நின்ற முப்பது கிழவிகளில் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. பிப்ரவரியில் உறைபனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவள், ஏழு மாதம் கழித்து இன்றைக்குத்தான் மறுபடி படகுக்கு வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பு ஆற்றில் படகாக மிதந்த அந்தச் சூதாட்ட விடுதி கரையேறி இருபது வருஷமாகிறது. இப்போது சோளக்காட்டு நடுவே நெடுஞ்சாலையோரம் நிற்கிறது. இருந்தாலும் எங்கள் பக்கத்து அயோவாக்காரர்களுக்கு அது படகுதான்.

லவோனின் கைப்பைக்குள் அந்தக் கடிதம் இருந்தது. வழவழப்பான அட்டை, தங்க நிற எழுத்து. “அன்புள்ள லவோன், உங்களைக் காணாமல் ஏங்குகிறோம். புதுப்பித்த கூடத்தில் உங்கள் நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்கிறது.” இரண்டு வாரமாய் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். நானும் நம்பினேன், ஏனென்றால் அவளுக்கு நிஜமாகவே அங்கே ஒரு நாற்காலி இருந்தது. எண் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் மை வைத்து ஆடும் பிங்கோ கூடத்தில் இரண்டாவது வரிசை, தூணை ஒட்டின இடம். பதினொரு வருஷம் புதன்கிழமை தவறாமல் அதில் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டுகிறவர்கள் நாற்காலியை மாற்றிப் போட்டுவிடக் கூடாதென்று, எண்களைக் குறிக்கும் ஊதா மைக்குப்பியை அதன் அடிப்பலகையில் ஒரு அழுத்து அழுத்திப் பொட்டு வைத்திருந்தாள். மற்ற நாங்களும் அவரவர் நாற்காலிக்கு அவரவர் நிறத்தில் வைத்திருந்தோம். என்னுடையது பச்சை. ஒரு தடவை வெளியூர்க்காரி ஒருத்தி தெரியாமல் லவோனின் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது பேரும் வாய் திறக்காமல் அவளையே பார்த்தோம். தானாக எழுந்து போனாள்.

லவோனுக்கு இன்றைய தினம் வெறும் விளையாட்டல்ல. மகள் டெமாயின் நகரத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லத்துக்கான தாள்களோடு ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறாள். “ஒரு நாள் முழுக்க வெளிய போய்ட்டு, என் சொந்தக் கால்ல வீட்டுப்படி ஏறினேன்னு சொல்லணும்டி அர்லிஸ். அதோட அவ வாயை மூடிருவா,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மருத்துவரும் சம்மதித்திருந்தார். ஒரே ஒரு கண்டிப்பு: கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது.

பேருந்து விடுதியின் பின்பக்கம் வளைந்தபோதே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் தூறலில் நனைந்தபடி நாற்காலிகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். பார்த்தும் என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆகஸ்ட் முழுக்கப் புதுப்பிக்கிறோம் என்று பூட்டி வைத்திருந்தார்களே, அதற்குப் பிறகு நாங்கள் வருவது இன்றைக்குத்தானே, புது நாற்காலி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போனால் கூடத்தையே காணோம். சுவரை இடித்து எடுத்துவிட்டு, கூடம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாய்க் காசு போட்டு ஆடும் மெஷின்கள். ஒவ்வொன்றும் ஒரு பாட்டைக் கத்திக்கொண்டிருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போனோம்.

“பிங்கோவா? அதை நிரந்தரமா எடுத்தாச்சே. எங்க ஆப்ல போட்டிருந்தோமே, பாக்கலையா?”

“இவ வீட்டுல இன்னும் சுவத்துல மாட்டின போன்தான் இருக்கு. ஆப்பாம் ஆப்பு!” என்றேன். “அப்ப இந்தக் கடுதாசி யாரு போட்டது?”

“அது சிஸ்டம் தானா அனுப்புறது.”

“நாற்காலி?” என்று லவோன் கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். “அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுறது, மேடம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். பேச்சுக்காம்! வீட்டோடு கிடந்தவளை ஒரு கடிதம் இவ்வளவு தூரம் வரவைத்திருக்கிறது, அது பேச்சுக்காம்.

மணி பத்து. எங்களை இறக்கிவிட்ட பேருந்து வேறு ஊர்க் கூட்டத்தை ஏற்றப் போய்விட்டது. இனி மூன்று மணிக்குத்தான் வரும். அதுவரை எங்கே உட்காருவது? நானும் லவோனும் அந்தக் கட்டடத்தைச் சுற்றினோம். சாப்பாட்டுக்கூடம் சனி ஞாயிறு மட்டும்தானாம், கதவில் சங்கிலி. காப்பிக் கடையில் நின்றபடியே குடிக்கும் உயர மேசைகள். வாசலில் இருந்த பெஞ்சையும் பிடுங்கிவிட்டார்கள், தரையில் நாலு ஓட்டைதான் மிச்சம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் மெஷின் முன்னால் இல்லாத நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. இருபத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான், உட்காரு உட்காரு என்று கத்தியே தொண்டை தேய்ந்தவள். ஒருவர் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று இத்தனை யோசித்துக் கட்டிய இடத்தை இதுவரை பார்த்ததில்லை.

ஒரு மெஷின் முன் லவோனை உட்கார வைத்தேன். வாசலில் கொடுத்த இலவச ஆட்டச் சீட்டு நாலு நிமிடத்தில் தீர்ந்தது. உடனே தோளுக்குப் பின்னால் விடுதி ஆள் ஒருவன், “ஆடறவங்களுக்கு மட்டுந்தான் நாற்காலி,” என்றான். சுற்றிலும் பாதி மெஷின்கள் ஈயோட்டிக்கொண்டிருந்தன! அதைச் சொல்லிச் சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் லவோன் எழுந்துவிட்டாள். அவள் மேலுதடு வேர்த்திருந்தது. கைத்தடியில் முழுப்பாரத்தையும் சாய்த்தாள்.

“விழுந்துருவேன்டி,” என்றாள் மெதுவாக. “இங்க விழுந்தேன்னா முடிஞ்சுது. அவ நேரா இல்லத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவா.”

கூடத்தின் நடுவே கால் சாண் உயர மேடையில், பரிசாகக் கொடுக்கப்போகும் ஒரு கோல்ஃப் வண்டி நின்றது. வெள்ளை மெத்தை இருக்கை, முகப்பில் சிவப்பு நாடாவில் பெரிய முடிச்சு. பக்கத்துப் பலகையில் “இது உங்களுடையது ஆகலாம்!” என்று எழுதியிருந்தது.

லவோன் அதை ஒரு தடவை படித்தாள். பிறகு தடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் விட்ட மூச்சு அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்தது வரட்டும்.

காவல் கோட்டு போட்ட ஒருவர் விறுவிறுவென்று வந்தார். பார்த்தால் வெண்டல்! பதினொரு வருஷம் பிங்கோவில் எங்களுக்கு எண் கூப்பிட்ட அதே வெண்டல்.

“மேடம், அதுல உட்காரக் கூடாது. தயவுசெஞ்சு இறங்குங்க.”

“மேடமா? எவடா அது மேடம்?” என்று கத்தினேன். “இவ சுட்டுக் கொண்டாந்த பூசணி ரொட்டிய வருஷா வருஷம் முழுங்கினப்போ லவோன்னுதானே கூப்பிட்ட?”

அவர் முகம் சிவந்தது. “மெல்லப் பேசு அர்லிஸ். கேமரா இருக்கு. பிங்கோவ எடுத்தப்போ எனக்குன்னு அவங்க வச்சிருந்தது இந்த வேலை ஒண்ணுதான். லவோனுக்குச் சக்கர நாற்காலி கொண்டாரச் சொல்றேன், ஒரு நிமிஷம்.”

“சக்கர நாற்காலியா?” என்றாள் லவோன். இத்தனை நேரத்தில் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான். “அதுல உக்காரக் கூடாதுன்னுதான்யா ஏழு மாசம் பல்லைக் கடிச்சுட்டு நடந்து பழகினேன்.” கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். “இதைப் படி. சத்தமா, எண் கூப்பிடுற மாதிரி படி.”

வெண்டல் வாங்கினார். முதல் வரியை முணுமுணுத்தார். அப்புறம் பழக்கமோ என்னவோ, குரல் தானாக எழுந்தது. “உங்கள் நாற்காலி… உங்களுக்காக… காத்திருக்கிறது.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே, எண்களுக்கு நடுவே விடுவது போலவே இடைவெளி விட்டார். மெஷின்களுக்கு இடையே போக்கிடமில்லாமல் அலைந்துகொண்டிருந்த எங்கள் பேருந்துக் கூட்டம் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பியது. ஒவ்வொருத்தியாய் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

“என்னோடது குப்பையில கெடக்கு வெண்டல்,” என்றாள் லவோன். “மழையில.”

அவர் இடுப்பிலிருந்த பேசும் கருவி கரகரத்தது. “வெண்டல், வண்டி காலியாச்சா?”

வெண்டல் அதன் மேல் கையை வைத்தார், பொத்தானை அழுத்தவில்லை.

லவோன் ஊதா மைக்குப்பியை எடுத்தாள். ஏழு மாதம் திறக்காத குப்பி. நன்றாகக் குலுக்கினாள். மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தாள். பிறகு தன் தொடையை ஒட்டி, அந்த வெள்ளை இருக்கையில் வைத்து அழுத்தினாள். கையை எடுத்தபோது வட்டமாய் ஒரு பொட்டு, ஈரமாக மின்னியது.

“வெண்டல்? காலியாச்சான்னு கேக்கிறேன்.”

எனக்குப் பின்னால் ஒரு குப்பியின் மூடி திருகும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. நான் என் பையில் பச்சையைத் தேடினேன்.